கேத்தோடு மைனஸ் ஆனோடு

திருச்சி ஜில்லாவில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எல்லாரையும் மலைக்கோட்டை அடிவாரத்தில் வரிசையாக நிறுத்தி, இவர்களில் மகா கோபக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் கேத்தோடு சாரைக் கைகாட்டுவேன். வரப்புத் தகராறில் கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று இலையை மூடிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கேத்தோடு சார் கோபப்பட்டது ஒரு கழித்தல் குறிக்காக. அதுவும் அவர் போட்ட கழித்தல் குறி இல்லை. ஊரில் யார் யாரோ போட்ட, அல்லது போட மறந்த, கழித்தல் குறிகளுக்காக.

எழுபதுகளின் கடைசியில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு எதிர் மேஜை அவருடையது. ஒல்லியான உருவம், ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்த வெள்ளை அரைக்கைச் சட்டை, எப்போதும் யாரையோ தேடிக்கொண்டிருக்கும் மூக்கு. பாலக்கரையில் வீடு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி பிரின்சிபால் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவர் கேத்தோடுதான். வகுப்புக்குள் நுழையும்போதே, வணக்கம் சொல்வதற்கு முன்னால், "கேத்தோடு மைனஸ் ஆனோடு" என்று சொல்லிக்கொண்டே நுழைவார். மாணவர்கள் எழுந்து நின்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

கெமிஸ்ட்ரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் சின்னது. துத்தநாகத்துக்கு ஓர் எண், செம்புக்கு ஓர் எண், வெள்ளிக்கு ஓர் எண் என்று ஒவ்வோர் உலோகத்துக்கும் வோல்ட்டில் ஓர் எண் உண்டு. புத்தகத்தில் அட்டவணையாகவே அச்சாகியிருக்கும். இரண்டு உலோகங்களை அதனதன் உப்புக் கரைசலில் நிற்கவைத்து, நடுவில் ஓர் இணைப்புக் கொடுத்தால் பேட்டரி தயார். எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிற பக்கம் கேத்தோடு, கொடுக்கிற பக்கம் ஆனோடு. கேத்தோடின் எண்ணிலிருந்து ஆனோடின் எண்ணைக் கழித்தால் அந்த பேட்டரி எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

இதில் மாணவர்கள் இரண்டு தப்புச் செய்வார்கள். துத்தநாகத்தின் எண் மைனஸில் இருக்கும். முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி பிளஸ் ஆக்கிவிட்டு, ஃபார்முலாவில் கழித்தல் இருக்கிறதே என்று பிறகு கழிக்கவும் செய்வார்கள். ஒருமுறை ஒரு பையன் அப்படிச் செய்து, துத்தநாகமும் செம்பும் சேர்ந்த பேட்டரிக்கு மைனஸ் பாயிண்ட் நாலு ரெண்டு என்று விடை எழுதினான். கேத்தோடு சார் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த பேட்டரி கரண்ட் கொடுக்காது. உங்க வீட்டுக் கரண்டைப் பிடுங்கிக்கும். இதை வீட்டுக்குக் கொண்டு போகாதே. உங்கப்பா பாவம்."

இரண்டாவது தப்பு அவரைப் பொறுத்தவரை பாவத்திலேயே சேர்த்தி. சமன்பாட்டில் இரண்டு வெள்ளி வந்தால், வெள்ளியின் வோல்ட்டையும் இரண்டால் பெருக்கிவிடுவது. "வெள்ளியை எத்தனை வேணா எடுத்துக்கோ. வோல்ட்டைத் தொடாதே" என்பார். ரெண்டு டம்ளர் வெந்நீரைச் சேர்த்தால் சூடு இரண்டு மடங்காகுமா என்று கேட்பார். ஆகாது என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். அப்புறம் பரீட்சையில் பாதிப் பேர் பெருக்கி வைப்பார்கள்.

தெப்பக்குளம் பக்கத்தில் கைடு விற்கும் ஒரு புத்தகக் கடை இருந்தது. ஒருநாள் கேத்தோடு சார் அங்கே போய், புதிதாக வந்த கெமிஸ்ட்ரி கைடு ஒன்றைப் பிரித்திருக்கிறார். மின்வேதியியல் பாடத்தில் ஃபார்முலாவே தலைகீழாக அச்சாகியிருந்தது. சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ஒரு பிரதியில் திருத்தினார். அடுத்த பிரதியில் திருத்தினார். கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அடுக்கில் இருந்த அத்தனையும் திருத்தியாகிவிட்டது.

"சார், புது புக்கை இப்படிக் கிறுக்கினா எப்படி சார் விக்கிறது?"

"தப்பா இருக்கிறதை எப்படிய்யா இத்தனை நாளா வித்தே?"

கடைக்காரர் நேராக எங்கள் பிரின்சிபாலிடம் வந்து அழாத குறையாகப் புகார் செய்தார். அந்தப் புகார் விசாரணைக்கு வருவதற்குள் அவரே மறுபடி வந்து நின்றார். முகத்தில் வேறு களை. மாணவர்கள் கடைக்கு வந்து, "கேத்தோடு திருத்தின காப்பி இருக்கா?" என்று கேட்கிறார்களாம். திருத்தாததை யாரும் தொடுவதில்லையாம். "புதுக் கட்டு வந்திருக்கு. சார் ஒரு தடவை வந்துட்டுப் போனா நல்லாயிருக்கும்" என்றார். இதைக் கேட்டு கேத்தோடு சார் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? கொதித்துப்போனார். "தப்பா அச்சடிக்கிறவன் அடிச்சுக்கிட்டே இருப்பான், நான் திருத்திக்கிட்டே இருக்கணுமா?" என்று கத்தினார். கத்திவிட்டு, சிவப்பு மை பாட்டிலோடு போனார்.

அவருடைய மனைவி பிலோமினா ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சிரித்த முகம். அவர் சொன்ன கதை இது. பெரிய வியாழனுக்கு முன்னால் கேத்தோடு சார் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே பாவம் கோபம். சாமியார் பொறுமையாக, "எதுக்குக் கோபம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. பின்னால் பாவத்தோடு நின்றவர்கள் வரிசை வாசற்படியைத் தாண்டியது. உள்ளேயிருந்து, "அதாவது சாமி, கேத்தோடுதான் முதல்ல" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் சாமியார், "நீ கோபப்பட்டது நியாயந்தான், போ" என்று அனுப்பிவிட்டாராம். செய்த பாவத்துக்குப் பரிகாரம் வாங்காமல் நியாயம் வாங்கிக்கொண்டு வந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

என் குடும்பத்தில் அவர் நுழைந்தது ஒரு டார்ச் விளக்கினால். மன்னார்புரம் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, அவரும் நானும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் பாலக்கரையில் இறங்க வேண்டும், நான் ஸ்ரீரங்கம். பின் சீட்டில் கைலாசபுரத்திலிருந்து கோயிலுக்கு வந்த தம்பதி. கணவர் ஃபேக்டரியில் வெல்டர் என்பது பிறகு தெரிந்தது. அவர் மனைவியிடம், "டார்ச்சுக்குப் பெரிய செல்லாத்தான் வாங்கணும். அதுலதான் வோல்ட் ஜாஸ்தி" என்றார். கேத்தோடு சாரின் கழுத்து மெதுவாகத் திரும்பியது.

"பெரிய செல்லு எத்தனை வோல்ட்டுங்க?"

"ஜாஸ்தியா இருக்கும் சார்."

"ஒண்ணரை. சின்ன பென் செல்லு எத்தனை தெரியுமா? அதுவும் ஒண்ணரை. பெருசு ரொம்ப நாள் வரும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற சரக்கு அதே சரக்கு."

"நான் ஃபேக்டரில வெல்டிங் பண்றவன் சார். எனக்கு வோல்ட்டு தெரியாதா?"

"வோல்ட்டு தெரியும். செல்லைத் தெரியலை."

கண்டக்டர், "பாலக்கரை இறங்குங்க" என்றார். கேத்தோடு சார் காதில் விழவில்லை. மெயின் கார்டு கேட் போனது, சத்திரம் போனது, காவிரிப் பாலமும் போனது. ஸ்ரீரங்கத்தில் இறங்கி ராஜகோபுரம் வரை அவர்களோடு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அந்த அம்மாள்தான் கடைசியில் கணவர் கையைப் பிடித்து, "சார் சொல்றதுதான் சரின்னு சொல்லிட்டு வாங்க. நடை சாத்திருவாங்க" என்றாள். அவரும், "சரி சார், ஒண்ணரைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேத்தோடு சார் கோபுரத்தின் கீழே அப்படியே நின்றார். "நம்பாம ஒத்துக்கிறான் பாரும்மா" என்று என்னிடம் சொன்னார். எதிர்த்தவனை விட இப்படி ஒத்துக்கொண்டவன் மேல்தான் அவருக்கு ஆத்திரம் அதிகம். தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வந்த பிறகும் ஓயவில்லை. என் மாமியார் சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏண்டி, யாரைத் திட்டிண்டிருக்கார்?" என்றார். பேட்டரி செல்லை என்றேன். "பேஷ், திட்டட்டும். ரேடியோவுக்குப் போட்டா ஒரு மாசம் வரமாட்டேங்கறது" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கோடையில் பல்கலைக்கழகப் பரீட்சைத் தாள் திருத்தும் கேம்ப் திருச்சியிலேயே நடந்தது. வேறொரு கல்லூரியின் நீளமான ஹால். தலைக்கு மேலே ஃபேன் சுற்றும். காற்று வராது, சத்தம் வரும். பல ஊர்களிலிருந்து கெமிஸ்ட்ரி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் மேலே தலைமைத் தேர்வாளர் ஒருவர், வெளியூர்ப் பேராசிரியர். எல்லாரும் அவரை சீஃப் என்போம். எந்தக் கேள்விக்கு என்ன விடை, எத்தனை மார்க் என்று அச்சடித்த தாளுக்குக் கீ என்று பெயர். அதைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும்.

அந்த வருஷம் பத்து மார்க் கேள்வி ஒன்று: துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த பேட்டரிக்கு எத்தனை வோல்ட்? வெள்ளிக்குப் பாயிண்ட் எட்டு பூஜ்யம். துத்தநாகத்துக்கு மைனஸ் பாயிண்ட் ஏழு ஆறு. கழித்தால் ஒன்று பாயிண்ட் ஐந்து ஆறு. கீயில் இரண்டு பாயிண்ட் மூன்று ஆறு என்று இருந்தது. வெள்ளியை இரண்டால் பெருக்கியிருந்தார்கள்.

கேத்தோடு சார் கீயை மேஜையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எழுந்து சீஃப்பிடம் போனார். நானும் போனேன்.

"சார், கீ தப்பா இருக்கு."

சீஃப் கணக்கைப் பார்த்தார். "ரெண்டு வெள்ளி இருக்கில்ல? ரெண்டால பெருக்கித்தானே ஆகணும்?"

"வெள்ளியைப் பெருக்கலாம் சார். வோல்ட்டைப் பெருக்கக் கூடாது."

"இது போர்டு ஒத்துக்கிட்ட கீ. இதுல என்ன இருக்கோ அதுக்கு மார்க் போடுங்க. கெமிஸ்ட்ரியெல்லாம் அவங்கவங்க காலேஜுல போய்ப் பேசிக்கலாம்."

கெமிஸ்ட்ரித் தாள் திருத்துகிற இடத்தில் கெமிஸ்ட்ரி பேசக் கூடாதாம். இதைக் கேட்டுவிட்டு ஹாலில் இருந்த அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். தப்பு என்று தெரியாதவர்கள் இல்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்.

தன் இடத்துக்கு வந்த கேத்தோடு சார் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அழகான கையெழுத்து. பாயிண்ட் எட்டு பூஜ்யம், மைனஸ், அடைப்புக்குறிக்குள் மைனஸ் பாயிண்ட் ஏழு ஆறு. விடை ஒன்று பாயிண்ட் ஐந்து ஆறு. மற்ற கேள்விகளில் வாங்கிய மார்க்கைக் கூட்டினால் பாஸுக்குக் கொஞ்சம் குறைந்தது. இந்தப் பத்து வந்தால் பிழைத்துக்கொள்வான்.

"அடைப்புக்குறி போட்டிருக்கான்மா. மைனஸுக்குப் பக்கத்துல மைனஸ் வருதே, தடுமாறிடப் போறோம்னு பயந்து போட்டிருக்கான். எந்த ஊரோ, துறையூரோ முசிறியோ. இவனுக்கு ஸைபர் போடச் சொல்றாரு அந்த ஆளு."

குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எதிரே அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் கை ஓடவில்லை. நானும் மூடினேன். சாயங்காலம் கட்டுக்களைத் திருத்தி முடிக்காமலே திருப்பிக் கொடுத்தோம்.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏம்மா, உங்க வீட்ல வெள்ளி இருக்கா? லேப்ல சில்வர் நைட்ரேட் கரைசல் இருக்கு. வெள்ளித் தகடு இல்லை. எங்க வீட்ல இருக்கிறது அத்தனையும் எவர்சில்வர்."

என் மாமியாருடைய டிரங்குப் பெட்டியில் வெள்ளி இருந்தது. அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. கேத்தோடு சாரை எங்கள் வீட்டு ஹாலில் உட்காரவைத்துவிட்டு மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளி ஸ்பூனைக் கொண்டுபோய் மருந்துத் தண்ணியில முக்கறதாவது. அது உன் ஆம்படையான் குழந்தையா இருக்கறச்சே தீர்த்தம் சாப்பிட்ட ஸ்பூன்."

"அம்மா, வெள்ளி குறையாதும்மா" என்று கேத்தோடு சார் அங்கிருந்தே சொன்னார். "கேத்தோடு பக்கம்மா அது. வெள்ளி வந்து படியும். ஒரு துளி கூடத்தான் செய்யும்."

மாமியார் என்னைப் பார்த்தார். "எதுக்காம் இத்தனை பாடு?"

சரியாக எழுதின பிள்ளைகளுக்கு ஸைபர், தப்பாக எழுதினவர்களுக்குப் பத்து என்று சொன்னேன். மாமியாருடைய முகம் மாறியது. அவர் தம்பி ஒரு காலத்தில் கணக்குப் பரீட்சையில் ஃபெயிலாகி, படிப்பை விட்டுவிட்டு வடக்கே போனவர். கடைசிவரை தான் சரியாகத்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பெட்டி திறந்தது. ஸ்பூன் வந்தது. "பெரிய ஸ்பூனாவே எடுத்துண்டு போங்கோ. நன்னாத் தெரியட்டும்" என்றார்.

மறுநாள் காலை கேத்தோடு சார் மஞ்சள் துணிப்பையோடு ஹாலுக்கு வந்தார். ஜன்னலோர மேஜையில் இரண்டு பீக்கரை வைத்தார். ஒன்றில் துத்தநாகக் கரைசல், அதில் துத்தநாகத் தகடு. இன்னொன்றில் சில்வர் நைட்ரேட் கரைசல், அதில் எங்கள் வீட்டு ஸ்பூன். நடுவே உப்புக் கரைசலில் நனைத்த வடிதாள் பட்டை, பாலம் மாதிரி. கம்பிகளை வோல்ட்மீட்டரில் மாட்டினார். முள் எழுந்து ஒன்றரைக்கு வந்து நின்றது.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க" என்று சீஃப்பைக் கூப்பிட்டார். சீஃப் வந்தார். பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஒண்ணரைதானே காட்டுது? நீங்க சொன்ன ஒண்ணு பாயிண்ட் அஞ்சு ஆறு எங்கே?"

"கரைசல் கொஞ்சம் நீர்த்தது சார். அதுக்கும் கணக்கு இருக்கு, போட்டுக் காட்டறேன். ஆனா உங்க ரெண்டு பாயிண்ட் மூணு ஆறு எங்கே சார்? எந்தப் பக்கம் போச்சு?"

"ஸ்பூன் சுத்த வெள்ளியா இருக்காது" என்றார் சீஃப். கரைசலுக்குள் விரலை விட்டு ஸ்பூனை வெளியே எடுத்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார். முத்திரை இருக்கிறதா என்று திருப்பினார். "இதெல்லாம் ஒரு நிரூபணமா?" என்று சொல்லி ஸ்பூனைத் திரும்பப் போட்டுவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே சீஃப்பிடமிருந்து எழுத்து மூலமாகப் புகார் போனது. கேத்தோடு என்கிறவர் கேம்ப்பில் அபாயகரமான ரசாயனங்களைக் கொண்டுவந்து வேலையைக் கெடுத்தார் என்று. மறுநாள் காலை கேம்ப் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். அவர் சரித்திரப் பேராசிரியர். நிதானமானவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர்.

கேத்தோடு சார் நடந்ததைச் சொன்னார். ஆபீசர் சீஃப் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த மீட்டரைப் பார்த்தீங்களா?"

"நான் அந்தப் பக்கமே போகலை சார். என் வேலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஹாலில் பார்த்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவர், குனிந்து திருத்திக்கொண்டிருந்தேன் என்றார். இன்னொருவர், அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன். "அவங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜ். அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் சீஃப். சொல்லிக்கொண்டே, அலட்சியமாகக் கையை ஆட்டினார்.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உங்க விரல்ல என்ன சார் அது? ஊர்ல ஏதாவது எலெக்‌ஷனா?"

சீஃப்பின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருகருவென்று இருந்தன.

"பேனா மை" என்றார் சீஃப்.

"அந்த மூலையில சோப்பு இருக்கு சார்" என்றார் கேத்தோடு சார். "கழுவிட்டு வாங்க. பேனா மைன்னா போயிடும்."

சீஃப் கழுவினார். வெகுநேரம் கழுவினார். போகவில்லை. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் உடனே தெரியாது. வெளிச்சம் படப்படத்தான் கருக்கும். தோல் உரிந்தால்தான் போகும். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிற மையிலும் அந்தச் சரக்குத்தான் இருக்கிறது. கெமிஸ்ட்ரிப் பேராசிரியருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஸ்பூன் மேல் இருந்த ஆத்திரத்தில் மறந்துவிட்டார். கேத்தோடு சார் இதை ஆபீசருக்கு விளக்கினார். ஆபீசர் கேட்டுக்கொண்டார். "நான் சரித்திரம் படிச்சவன். எனக்கு வோல்ட்டு தெரியாது. ஆனா இது புரியுது" என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு டிரங்கால் போடச் சொன்னார்.

திருத்திய கீ வந்தது. கட்டியனுப்பிய கட்டுக்களையெல்லாம் பிரித்து, அந்தக் கேள்விக்கு மறுபடி மார்க் போட்டோம். அடைப்புக்குறி போட்ட பையனுக்குப் பத்துக்குப் பத்து. பாஸ். அது யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களை அவனுக்கும் தெரியாது.

சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்கள். கேளுங்கள். வந்த கடிதத்தில், அச்சுப்பிழை காரணமாகக் கீயில் நேர்ந்த தவறு திருத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. கேத்தோடு சார் அதைப் படித்துவிட்டு, "அச்சுக் கோத்தவன் தலையில போட்டுட்டாங்க பாரும்மா. அவன் எங்கேயாவது வெள்ளியை ரெண்டால பெருக்குவானா?" என்றார். அவருக்கு வந்த இரண்டாவது கடிதத்தில், தேர்வு மையத்தில் ரசாயனம் கொண்டுவந்ததற்காக இனிமேல் அவர் தாள் திருத்த அழைக்கப்பட மாட்டார் என்று இருந்தது. விரல் கறுத்தவர் அடுத்த வருஷமும் சீஃப்பாக வந்தார். ஒரு ஸ்பூனும் ஒரு முழம் கம்பியும் கொண்டுவந்து உண்மையைச் சொன்னவர் வாசலுக்கு வெளியே. இதற்கு யாராவது எனக்குச் சமாதானம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ஸ்பூனைத் துடைத்துக் கொடுத்தபோது மாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். கையில் எடை பார்ப்பது போல ஏந்திப் பார்த்தார். "வெள்ளி கூடியிருக்குங்கறாரா? அப்போ அவரை அடிக்கடி வந்து எடுத்துண்டு போகச் சொல்லு" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்தக் கடுதாசு போட்டவா நன்னா இருக்க மாட்டா" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும், நாங்கள் கேம்ப்பில் திருத்திக்கொண்டிருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேத்தோடு சார் குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வர அனுமதி இல்லை. நான் போவேன். "கீ எப்படிம்மா இருக்கு?" என்பார். மின்வேதியியல் கேள்வியை மனப்பாடமாக ஒப்பிப்பேன். அங்கேயே நின்று மனக்கணக்குப் போடுவார். சரியாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போவார். போகிற போக்கில், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் குடைக் கம்பியின் துருவைப் பற்றி ஏதாவது சண்டை போடுவார்.

ரிட்டயரான பிறகும் வந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் வரவில்லை. பாலக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். நெஞ்சுவலி வந்து படுக்கையில் இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார், சாதுவாக. பிலோமினா டீச்சர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"கோபமே படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. இவரும் படலை. பேப்பர்க்காரன் மூணு நாளா வரலை, ஒண்ணும் சொல்லலை. ரேடியோவுல எவனோ பேட்டரியைப் பத்தித் தப்பாப் பேசினான், அதுக்கும் கண்ணை மூடிக்கிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. ஏதாவது பேசுங்கம்மா."

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். காவிரியில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் பேசினேன். கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம், "சார், இந்த வருஷம் கீயைப் பார்த்தீங்கன்னா, அலுமினியத்தோட வோல்ட்டை மூணால பெருக்கியிருக்காங்க" என்றேன்.

கண் திறந்தது.

"மூணாலயா?"

"மூணாலதான் சார். மைனஸையும் ரெண்டு தடவை திருப்பியிருக்காங்க."

முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. "பிலோமினா, என் சட்டையை எடு. எவன்டா அவன், மூணால பெருக்கினவன்? ஏம்மா, நீ பார்த்துக்கிட்டுச் சும்மாவா வந்தே?" குரல் தெருவரை கேட்டது. பிலோமினா டீச்சர் சட்டையை எடுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷத்துக் கீயில் ஒரு தப்பும் இல்லை.